குரல்கள் அடங்கிய பிறகும் வேலை ஏன் மலைக்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்க வேண்டும். பிசிறு வெட்ட வேண்டும். சைஸ் வாரியாக அடுக்க வேண்டும். பக்கத்தில் ஓவர்லாக் இரைச்சல். மனச்சிதைவிலிருந்து தேறிவருபவருக்கு இது ஏன் மலைப்பாக இருக்கிறது?

மாத்திரைகள் மூளையின் டோபமின் ஏற்பிகளை மறித்துக் குரல்களையும் சந்தேகங்களையும் தணிக்கின்றன. கவனத்தையும், கேட்டதைச் சற்றுநேரம் மனத்தில் நிறுத்தும் செயல்நினைவையும் அவை பெரிதாக மீட்பதில்லை. இந்தக் குறையைத்தான் வீட்டில் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறார்கள். அநியாயம்.

அறிதிறன் பயிற்சி இந்த இடத்தில் உதவுகிறது. கணினியில் எண்வரிசையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது போன்ற பயிற்சிகள் எளிதாகத் தொடங்கி, தேறத்தேறக் கடினமாகும். ஆனால் திரையில் கற்றது தானாகத் தறிக்கோ தையலுக்கோ வந்துவிடாது; அதனால் பயிற்சியை வேலையோடு சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் மோரிஸ் பெல் குழுவினர் 65 பேரிடம் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. வேலைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, கூடவே பயிற்சியும் பெற்றவர்கள் செயல்நினைவு உள்ளிட்ட சில சோதனைகளில் கூடுதலாக முன்னேறினர்.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் மருந்தோடு தொழிற்பயிற்சியைச் சேர்த்தே மறுவாழ்வு தருகிறது.

பனியன் கம்பெனியிலும் செய்யலாம்: முதலில் ஒரே வகைக் குறையை மட்டும் தேடச் சொல்லுங்கள், வேலைப்படிகளை மேசையில் எழுதி ஒட்டுங்கள். நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம். தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடும்.