பயிற்சி பிள்ளைக்கு, பட்டா தாத்தாவுக்கு

இளைஞர்கள் விவசாயத்துக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்ற புலம்பல் திருச்சிப் பக்கம் செல்லாது. ஸ்ரீரங்கம் தாலுகாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரூர் சாலையில் ஜீயபுரம் தாண்டிப் போனால், பெட்டவாய்த்தலைக்கு முன்னால் சிறுகமணி. அங்கே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நவலூர் குட்டப்பட்டில் 1989இல் தொடங்கிய வேளாண் கல்லூரி. தோகைமலை சாலையில் தாயனூர் அருகே 1993இல் வந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையம். கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு இவ்வளவு அருகருகே வாசல்கள் திறந்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஊர்ப்புற இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தருவது வேளாண் அறிவியல் நிலையங்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. நாட்டின் முதல் நிலையமே 1974இல் புதுச்சேரியில், நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் தொடங்கியது. காளான், மண்புழு உரம், தேனீ வளர்ப்பு, நாற்றங்கால், வாழையில் மதிப்புக்கூட்டல் என்று பாடங்கள் போகும். கல்லூரிப் பக்கம் கிராமத் தங்கல் திட்டம். இறுதியாண்டு மாணவ மாணவியர் குழுக்களாகப் பிரிந்து ஊர்களில் தங்கி, விவசாயிகளோடு வயலில் இறங்க வேண்டும்.

இந்தத் தங்கல் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தலைமைப் பண்பு என்று மேடையில் பேசப்படுவது இங்கே தெருவில் நடக்கிறது. பிள்ளைகள் ஊர் நடுவில் கோலமாவால் அந்த ஊரின் வரைபடத்தைப் போடுகிறார்கள். வாய்க்கால் எங்கே பிரிகிறது, எந்த மடையில் தண்ணீர் ஏறாது, எந்த நிலம் களர் என்று சுற்றி நிற்கும் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, கோடுகள் அழிந்து புதிதாக விழுகின்றன. ஒரு வாளித் தண்ணீரில் முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டிப் பதரைப் பிரித்துக் காட்டுகிறார்கள். வாழைக் கிழங்கின் வேரையும் அழுகலையும் சீவி நேர்த்தி செய்வது எப்படி என்று, நாற்பது வருடம் வாழை வைத்த மனிதருக்கு முன்னால் இருபது வயதுப் பெண் செய்து காட்டுகிறாள். அவர் கேட்கும் குறுக்குக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்கிறாள். இதைவிடப் பெரிய தலைமைப் பயிற்சி வேறென்ன இருக்கிறது?

என் கவலை, பயிற்சி முடிந்த மறுநாளைப் பற்றியது.

அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகிறது. சான்றிதழ் கையில் இருக்கிறது. நிலம் அப்பா பெயரில் இருக்கிறது. பல வீடுகளில் இன்னும் தாத்தா பெயரில், இரண்டு சித்தப்பாக்களோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. ரஸ்தாளியில் வாடல் நோய் வந்த மண்ணில் அந்தப் பூஞ்சை பல வருடம் உயிரோடு கிடக்கும், மறுபடி அங்கே ரஸ்தாளி வைக்கக் கூடாது என்று வகுப்பில் கற்றவன் வீட்டில் சொன்னால், "போன தடவை நல்லா வந்துச்சுடா, பேசாம இரு" என்று முடிந்துவிடும். ஏக்கருக்கு 900 கன்றுக்கு மேல் நட்டு, முதல் தார் வெட்டப் பதினோரு, பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டிய பயிர் வாழை. அவ்வளவு பணத்தையும் காலத்தையும் போடும் முடிவு யார் கையில் இருக்கிறதோ, விவசாயி அவர்தான். படித்த பிள்ளை அந்த நிலத்தில் கூலி வாங்காத ஆள்.

அரசுக் காகிதங்களும் இதையே சொல்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் எடுத்து வா என்பார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் நிலம் பெயரில் உள்ளவர்களுக்கு மட்டும். அதிலும் 1.2.2019 என்று ஒரு தேதி வைத்தார்கள். அதற்குப் பிறகு நிலம் பெயர் மாறியிருந்தால், சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதிக் கொடுத்தால் மகன் அதில் சேர முடியாது. ஒரு இளைஞன் விவசாயி ஆக வீட்டில் சாவு விழ வேண்டும் என்று ஆகிப்போன நிலைமை எனக்கு ஜீரணமாகவில்லை.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் கடினம். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல். நவலூர் குட்டப்பட்டில் கல்லூரி வந்த அதே ஆண்டு. ஆனாலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் மகள்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு உண்டு. கிராம சபையில் எழுந்து பேசக் கற்றுத் தருகிறோம். வயலில் என்ன நடுவது என்று சொல்லும் இடத்தில் மட்டும் அவளுக்கு நாற்காலி இல்லை.

குத்தகைக்குப் பயிர் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் 1955இலேயே வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் ஒரு சட்டம் வந்தது. பதிந்தால் நிலத்தை மீட்க முடியாதோ என்ற நிலக்காரர்களின் பயத்தால் வாய்ப்பேச்சிலேயே பெரும்பாலும் குத்தகை ஓடுகிறது. எழுத்தில் இல்லாத குத்தகைக்குக் கடன் கிடைப்பதும் அரிது, காற்றில் சாய்ந்த வாழைக்கு நஷ்டஈடு கிடைப்பதும் அரிது.

நிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் மனை போட்டு விற்றுவிடுவார்கள் என்று பெரியவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதுவரை மனையாகிப் போன வயல்களை விற்றவர்களில் பெரும்பாலானோர் இருபது வயதுக்காரர்கள் அல்ல.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதைத் துண்டு போடச் சொல்லவில்லை, ஒரு பகுதியின் பொறுப்பைக் கொடுக்கத்தான் சொல்கிறேன். அமெரிக்கக் கிராமங்களில் நூறு வருடத்துக்கு முன் தொடங்கிய மக்காச்சோளச் சங்கங்களில், பையன்கள் அப்பாவின் நிலத்தில் ஓர் ஏக்கரைத் தாங்களே பயிர் செய்து, வரவு செலவையும் தாங்களே எழுதினார்கள். இன்றைய ஃபோர்-எச் இளைஞர் இயக்கத்துக்கு வேர் அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இளம் விவசாயிக்கான உதவி பெற, நாற்பது வயதைத் தாண்டாமல் இருந்தால் மட்டும் போதாது. பண்ணையின் பொறுப்பும் அவரிடம் இருக்க வேண்டும். நம் பயிற்சிகளும் இப்படி ஒரு நிபந்தனை வைக்கலாம். முதல் நாளே பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த வயல், எத்தனை சென்ட், எத்தனை வருடம் என்று எழுதி வாங்கிய பிறகு வகுப்பைத் தொடங்கலாம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்ய முடியும். இருக்கிற நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் முப்பது வயதுக்குள் இருவருக்காவது இடம் வைத்தால், வகுப்பில் கற்ற தலைமை அங்கே வேலைக்கு வரும்.

முக்கொம்பிலிருந்து கல்லணை வரை வயல் வைத்திருக்கும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் அரை ஏக்கரை மகனுக்கோ மகளுக்கோ எழுத்துக் குத்தகையாகக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் அந்தப் பெயரை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். என்ன ரகம், எங்கே விற்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். முதல் வருடம் நஷ்டமானாலும், இரண்டாம் வருடமும் அதே நிலத்தை அவர்களிடமே விட்டுவையுங்கள்.