கிட்டார் பாட வேண்டும்

எலெக்ட்ரிக் கிட்டாரை ஏந்தி, முன்னரே எழுதி வைக்காத இசையை மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் ‘லீட் கிட்டார்’ என்னும் மேலைநாட்டுக் கலை, நம்முடைய மனோதர்ம சங்கீதத்துக்கு ஒரு வகையில் உறவினது. ஆதலால் நம் கச்சேரி ரசிகர்களிடையே எழும் வாதம் அங்கேயும் எழுகிறது. விரல்கள் எத்தனை விரைவாக ஓடின என்பதில் இருக்கிறதா வித்வத்து, அல்லது ஓடிய விரல்கள் கேட்பவருக்கு என்ன சொல்லின என்பதில் இருக்கிறதா?

1978-ல் வான் ஹேலன் குழுவினரின் முதல் இசைத்தட்டில், எட்டி வான் ஹேலன் இரு கை விரல்களாலும் தந்திகளைத் தட்டி வாசித்த ‘இரப்ஷன்’, இரண்டு நிமிஷங்கூட நீளாததாயினும், இளைஞர் உலகத்தைத் திகைக்க வைத்தது. அவரிடம் வேகத்தோடு கற்பனையும் இருந்தது. ஆனால் பின்பற்றியவர்களில் பலர் கற்பனையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஸ்கேலின் சுரங்களை ஏற்றியும் இறக்கியும் ஒரே கால அளவில் இடைவிடாமல் பொழிவது, நிறுத்தற்குறியே இல்லாமல் அச்சிட்ட வசனத்தைப் போன்றது. அதில் எங்கே பொருள் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது விளங்குவதில்லை.

இதற்கு மாறான மார்க்கத்தைக் காட்டியவர் பி. பி. கிங். 1925-ல் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாகாணத்தில் பிறந்து, பருத்தி வயல்களில் உழைத்து, பின்னர் மெம்பிஸ் நகரத்து ரேடியோவின் வாயிலாகப் புகழ்பெற்ற இவர், கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், வாசிப்பதில் தமக்குத் திறமை போதாதென்று தாமே வெளிப்படையாகச் சொன்னவர். உறவினரான புக்கா ஒயிட் தந்தியின்மேல் குழாயை வழுக்கி எழுப்பிய நாதத்தைத் தாமும் எழுப்ப முயன்று, அது கைவராமற்போகவே, இடக்கை விரலைத் தந்தியில் அழுத்தியபடி மணிக்கட்டை அசைத்து ஒரு நடுக்கத்தைப் பழகினார். அந்த ‘வைப்ரேட்டோ’வே அவருடைய முத்திரையாயிற்று, ஒரே சுரத்தைக் கேட்டு இன்னார் வாசிப்பென்று சொல்லிவிடலாம்.

அவர் பாடும்போது கிட்டார் மௌனமாக இருக்கும்; பாட்டு நின்றதும் கிட்டார் பதில் சொல்லும். அவர் வாசித்த புளூஸ் என்னும் இசைவகையின், பன்னிரண்டு பார் (நம் ஆவர்த்தம் போன்ற தாள அளவு) கொண்ட அமைப்பே இதற்கு இடம் தருகிறது: நான்கு பார் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் ஏறக்குறைய முற்பாதி குரலுக்கு, பிற்பாதி வாத்தியத்துக்கு. 1964-ல் சிகாகோவில் ஒலிப்பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த ‘லைவ் அட் தி ரீகல்’ இசைத்தட்டில் இந்த வினா-விடை முறையைத் தெளிவாகக் கேட்கலாம்.

இவ்வாறு பேசும் இசைத்தொடர் உருவாவதற்குச் சில உபாயங்கள் உண்டு. முதலாவது, வாசிக்க நினைப்பதை வாயால் பாடிப் பார்த்துப் பின் தந்தியில் தேடுவது. மூச்சு முடியுமிடத்தில் தொடரும் முடிய வேண்டியிருப்பதால், ஓய்வு தானாகவே இடம் பெறுகிறது. இரண்டாவது, மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே நின்று தாள அமைப்பை மட்டும் மாற்றி மாற்றி வாசிப்பதும், சொன்ன தொடரையே மறுபடி சொல்லி அதன் முடிவை மட்டும் மாற்றுவதும். மூன்றாவது, கார்டு மாறும் தருணத்தை அறிந்திருப்பது. ‘ஏ’ கார்டின்மேல் இனித்த ‘சி ஷார்ப்’, ‘டி செவன்த்’ கார்டு வந்தபின் உறுத்தும்; அரைச்சுரம் இறங்கி ‘சி’யில் நின்றால், உடன் வாசிப்பவர் இல்லாமலே கார்டு மாறியது செவிக்குப் புலப்படும். நான்காவது, வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைப் போலவே கிட்டார்த் தந்தியை வளைக்கும்போது, போய்ச் சேரவேண்டிய சுரத்தை முதலில் அதற்குரிய பிரெட்டில் (மெட்டில்) வாசித்துக் கேட்டுக்கொண்டு, அந்தச் சுருதிக்குச் சரியாக வளைப்பது. சற்றே குறைந்தாலும் அபசுரந்தான்.

இவ்வாறு சொல்வதனால் வேகம் தோஷமென்று ஆகிவிடாது. நிதானமாகச் சொல்லிவந்த விஷயம் உச்சத்தை எட்டுகையில் வரும் துரிதம் உள்ளத்தைத் தூக்கிச் செல்லும். தொடக்கத்திலேயே அதைச் செலவழித்துவிட்டால், முடிவில் கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே, கிட்டார் பயிலும் இளைஞர்கள் காலப்பிரமாணம் காட்டும் மெட்ரோனோமின் எண்ணை உயர்த்துவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, நல்ல பாடகர்களின் பாட்டைக் கேட்டு அதனைத் தந்தியில் வாசிப்பதற்கு ஒதுக்குவார்களாக.