குழந்தைக்கு இழுப்பா? டெஸ்ட்டுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மூன்று வயதுக் குழந்தைக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் இழுப்பும் சேர்ந்து வந்தால் எந்தப் பெற்றோரும் பதறத்தான் செய்வார்கள். ‘எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்று தோன்றும். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆஸ்துமாவை உறுதிப்படுத்தும் தனி டெஸ்ட் எதுவும் இல்லை. இந்த வயது இழுப்புக்குப் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே காரணம். பள்ளி போகும் வயதில் பல குழந்தைகளுக்கு அது தானாகவே விட்டுவிடும்.

சளி இல்லாத நாளிலும் இருமல், ஓடினாலோ சிரித்தாலோ இளைப்பு, தோலில் கரப்பான், பெற்றோருக்கு ஆஸ்துமா ஆகியவை இருந்தால் ஆஸ்துமாவோ என்ற சந்தேகம் வலுக்கும். எந்தெந்த இரவு இருமியது, அன்று கொசுவத்தி, சாம்பிராணி, பீடிப் புகை இருந்ததா என்று குறித்து வையுங்கள். லேசான இழுப்பின்போது மார்பு தெரிய எடுத்த மொபைல் வீடியோவும் டாக்டருக்கு உதவும்.

எந்த டெஸ்ட் எதற்கு?

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியை ஐந்தாறு வயதுக்குமேல்தான் குழந்தைகள் சரியாகச் செய்வார்கள். எக்ஸ்-ரே ஆஸ்துமாவைக் காட்டாது. நிமோனியா போன்ற வேறு சந்தேகம் இருந்தால் தேவைப்படும். வேர்க்கடலை தின்னும்போது புரையேறி, அதன்பின் திடீரென்று இழுப்பு வந்தால் கதை வேறு. மூச்சுக்குழாயில் கடலை சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அலர்ஜி டெஸ்ட் ‘பாசிட்டிவ்’ என்றாலே இழுப்புக்கு அதுதான் காரணம் என்றாகாது. ஐஜிஜி உணவு டெஸ்ட்டை அலர்ஜி நிபுணர்களின் அமைப்புகளே பரிந்துரைப்பதில்லை. அது தரும் உணவுப் பட்டியலை நம்பி முட்டையையும் பாலையும் நிறுத்தினால் குழந்தையின் வளர்ச்சிதான் கெடும். அதனால் பணம் கட்டுமுன் கேளுங்கள்: “இந்த ரிசல்ட்டால் சிகிச்சை மாறுமா, டாக்டர்?”

பம்ப் பழக்கமாகிவிடுமா?

ஆகாது. இழுப்புக்கு உடனடி நிவாரணம் தரும் சால்பியூட்டமால் பம்ப்பை (இன்ஹேலர்) ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து 5 மில்லி சிரப்பில் வழக்கமாக 2 மில்லிகிராம், அதாவது 20 மடங்கு. பம்ப் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். சிறு குழந்தைக்கு ஸ்பேசரும் (பம்ப்போடு பொருத்தும் குழாய்) மாஸ்க்கும் அவசியம். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஐந்தாறு மூச்சு விடட்டும். தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு பம்ப்புக்குப் பிறகு வாயைக் கொப்பளிக்க வையுங்கள். குழந்தை தேறிவிட்டது என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் உரிமை

டெஸ்ட் எதற்கு, செலவு எவ்வளவு, மாற்று வழி என்ன என்று கேட்கலாம். இன்னொரு டாக்டரின் கருத்தைப் பெறலாம். அங்கீகாரம் பெற்ற எந்த லேபிலும் டெஸ்ட் எடுக்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் இவற்றைச் சொல்கிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பில்லையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

காத்திருக்கவே கூடாத நேரம்

விலா எலும்புக்கிடையே சதை உள்வாங்குவது, பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, குழந்தை துவண்டுபோவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். டாக்டர் முன்பே எழுதித் தந்தபடி நிவாரணப் பம்ப்பைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அப்போது எந்த டெஸ்ட்டும் முக்கியமில்லை. மூச்சைச் சீராக்குவதுதான் முதல் வேலை.