ஆணி அடிக்க முடியாத மண்டபத்தில் ஓவியக் கண்காட்சியா? மரச்சுவர் சாயாமல் இருக்க காலை கவனியுங்க!

தஞ்சாவூர்:

'சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது.' ஓவியக் கண்காட்சிக்கு இடம் கேட்டுப் போனால் முதலில் காதில் விழும் நிபந்தனை இதுதான். பள்ளிக்கூட ஹாலானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி, இதே கதைதான். அதனால் படம் மாட்டுவதற்கென்றே தனியாக நிற்கும் மரச்சுவர் செய்து வைக்க வேண்டியிருக்கிறது.

பார்க்க சாதாரண வேலைதான். நாலு சட்டம், ஒரு பிளைவுட் பலகை, கீழே ரெண்டு கட்டை. ஆனால் இதில் கோட்டை விட்டால் பல மாத உழைப்பு ஒரே நொடியில் தரையில் கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கண்காட்சிக்கு செய்தி சேகரிக்கப் போனபோது இதை நேரிலேயே பார்த்தேன். ஓடி வந்த சிறுவன் ஒருவன் மரச்சுவரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான், சுவர் அப்படியே முன்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தாங்கிப் பிடித்ததால் சிறுவன் தப்பினான். மாட்டியிருந்த தஞ்சாவூர் ஓவியம் தப்பவில்லை. கண்ணாடி நொறுங்கி, தங்க ரேக்கில் கீறல் விழுந்தது. அதை வரைந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடித் துண்டுகளை பொறுக்கிக் கொண்டிருந்தார்.

கனம் எவ்வளவு?

தஞ்சாவூர் ஓவியம் காகிதப் படம் மாதிரி லேசானது அல்ல. பலகையில் துணி ஒட்டி, புடைப்பு வேலை செய்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, மேலே கண்ணாடி போட்டு சட்டம் அடிப்பார்கள். 3 அடிக்கு 2 அடி படத்துக்கு 4 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே சுமார் 5½ கிலோ. பலகையும் சட்டமும் சேர்ந்தால் 10 கிலோவை தாண்டிவிடும். இப்படி ரெண்டு படத்தை ஒரே பக்கம் மாட்டினால் சுவரின் பாரம் முழுக்க அந்தப் பக்கம் போய்விடுகிறது. சாய்வதற்கு காரணமே இதுதான்.

கால்தான் உயிர்

7 அடி உயர சுவர் என்றால், கால் கட்டை முன்னும் பின்னும் ஒன்றரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். காலில் இருந்து சுவருக்கு சாய்வாக ஒரு முட்டுக் கட்டை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கால் நிற்கும், சுவர் ஆடும்.

அடுத்தது மணல் மூட்டை. ஒவ்வொரு பின்னங்காலிலும் 20 கிலோ மூட்டை ஒன்று வைக்கலாம். சுவரை ஒட்டி வைத்தால் பலன் குறைவு. காலின் கடைசி நுனியில் வைத்தால்தான் முழு பலன். கிணற்று ஏற்றத்தில் பின்னால் கல் கட்டுகிற கணக்குதான் இது. ரெண்டு பக்கமும் படம் மாட்டுவதாக இருந்தால் பாரத்தை சமமாகப் பிரித்து, மூட்டையையும் ரெண்டு பக்கமும் போட வேண்டும்.

பெரிய அருங்காட்சியகத்திலும் இதே தத்துவம்தான். பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ கலை அருங்காட்சியகத்தில், கட்டடக் கலைஞர் லினா போ பார்டி 1968-ல் ஓவியங்களை கண்ணாடிப் பலகைகளில் மாட்டி, நடுக் கூடத்தில் நிறுத்தினார். அத்தனையையும் தாங்கி நின்றது அடியில் இருந்த கான்கிரீட் கட்டிதான். பிறகு அகற்றப்பட்ட இந்த கண்ணாடித் தாங்கிகள், 2015-ல் மறுபடியும் வைக்கப்பட்டன.

விரிச்ச புத்தகம் மாதிரி

காலே வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. புத்தகத்தை பாதி விரித்து மேஜை மேல் நிறுத்தினால் நிற்கும். முழுசா விரித்தால் விழுந்துவிடும். அதே மாதிரி ரெண்டு அல்லது மூன்று சுவர்களை கீல் போட்டு இணைத்து, வளைத்து வளைத்து நிறுத்தலாம். ஒரு இணைப்புக்கு 3 கீல் வேண்டும். ஆணியை உருவி எடுக்கிற கீலாக வாங்கினால் வண்டியில் ஏற்ற வசதி. இடம் பற்றவில்லை என்று யாராவது நேராக்கி வைத்துவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

திருகு எங்கே பிடிக்கணும்?

6 மி.மீ. பிளைவுட்டில் மட்டும் திருகு ஆணி ஏற்றினால் கனமான படத்தைத் தாங்காது. திருகு உள்ளே இருக்கும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். அதனால் கொக்கி வரும் உயரத்தில் முன்கூட்டியே குறுக்குச் சட்டம் அடித்துவிட வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருந்தால் பெரியவர்கள் பார்க்க வாகாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் இன்னும் இறக்கி மாட்டணும். ஒரு படத்துக்கு ரெண்டு கொக்கி நல்லது.

மாட்டும் முன் சோதனை

படத்தை மாட்டுவதற்கு முன்னால், அதே எடைக்கு அரிசிப் பையை கொக்கியில் தொங்கவிட்டு, சுவரை மேல் ஓரத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். பின்னங்கால் தூக்கினால் மூட்டை பற்றவில்லை என்று அர்த்தம். திறந்தவெளி பந்தலில் இந்த சுவர் பாய்மரம் மாதிரி காத்தை வாங்கும், அங்கே தூணோடு கயிறு போட்டுக் கட்டாமல் விடவே கூடாது. நீண்டிருக்கும் கால் கட்டை யார் காலையும் தடுக்காமல் இருக்க மஞ்சள் டேப் ஒட்டுங்கள்.

மரத்துக்கும் பெயிண்ட்டுக்கும் செலவழிக்கும் அமைப்பாளர்கள் மணல் மூட்டையில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். உடைந்த கண்ணாடியை மாற்றிவிடலாம். கீறல் விழுந்த தங்க ரேக்கை யார் மாற்றித் தருவது?