செவிலியரைக் காக்கும் ஊசி

பெங்களூருவில் கிருஷ்ணராஜ சந்தைக்கு அருகிலுள்ள விக்டோரியா மருத்துவமனைக்கும், சிவாஜிநகரிலுள்ள பௌரிங் மருத்துவமனைக்கும் நாள்தோறும் பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் செவிலியர் ஒருவர் ஒரே நாளில் பலருக்கு ஊசி போடுகிறார். பலரிடம் இரத்தம் எடுக்கிறார். நோயாளியின் கையிலிருந்து எடுத்த ஊசி, கண்ணிமைக்கும் நேரத்தில் அவருடைய விரலிலும் குத்திவிடக்கூடும். சிறு காயந்தானே என்று துடைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குச் செல்வோரும் உண்டு.

காயம் சிறியது, தீங்கு சிறியதன்று. ஊசி என்பது உள்ளே துளையுடைய மெல்லிய குழல். நோயாளியின் இரத்தம் அத்துளைக்குள் தங்கியிருக்கும். ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய நோய்க்கிருமிகள் அதன்வழியே பரவும். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால், ஆயிரத்தில் ஏறத்தாழ 3 பேருக்குத் தொற்று ஏற்படலாம். ஹெப்படைட்டிஸ் பி நோயிலோ, தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை தொற்றுக்கு உள்ளாகலாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் மருத்துவப் பணியாளர்கள் ஊசி போன்ற கூர்மையான பொருள்களால் காயமடைந்து, பிறர் இரத்தத்திலுள்ள கிருமிகளை எதிர்கொள்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது.

கவனக்குறைவே இதற்குக் காரணம் என்று பலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடும் பழக்கம் முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஒரு கையில் ஊசி, மறு கையில் சிறிய மூடி. இடையில் நோயாளி அழைத்தால் கை சற்றே விலகும், ஊசி விரலில் இறங்கும். குப்பைப் பையில் தவறுதலாகப் போடப்பட்ட ஊசியோ, நோயாளியைத் தொட்டே அறியாத தூய்மைப் பணியாளரைக் குத்துகிறது. எனவே, கையைக் குறை கூறுவதைவிடக் கருவியை மாற்றுவதே அறிவுடைமை.

மாற்றப்பட்ட சிரிஞ்சுகளில் இருவகை உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. முதல் வகையில், மருந்தைச் செலுத்தியதும் அழுத்தும் தண்டு பூட்டிக்கொள்ளும். அதை மீண்டும் இழுக்க இயலாது. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றொருவருக்குப் போடாமல் இது தடுக்கிறது. இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பயன்படுவது இவ்வகையே. ஆயினும் இது காப்பது நோயாளியை; செவிலியரை அன்று. பூட்டிய சிரிஞ்சின் நுனியில் ஊசி அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் தடுப்பூசி முகாம்களில் ஊசியை உடனே துண்டிக்கும் சிறு கருவியை மேசையிலேயே வைத்துள்ளனர்.

இரண்டாம் வகை பணியாளருக்காகவே அமைந்தது. ஊசி போட்டு முடிந்ததும், உள்ளிருக்கும் சுருள்வில் ஊசியைக் குழலுக்குள் இழுத்துக்கொள்ளும். வேறு சிலவற்றில், அதே கையின் பெருவிரலால் தள்ளினால் ஓர் உறை முன்வந்து ஊசியை மூடும். மறு கைக்கு அங்கு வேலையே இல்லை.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. எந்தக் கருவியை வாங்குவது என்பதில் அதைப் பயன்படுத்தும் பணியாளரின் கருத்தையும் கேட்கவேண்டும் என்கிறது அச்சட்டம். 2015இல் உலக சுகாதார நிறுவனமும் பாதுகாப்பான சிரிஞ்சுகளுக்கு மாறுமாறு உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. சாதாரண சிரிஞ்சைவிட இவற்றின் விலை இருமடங்கேனும் இருந்ததே பெருந்தடை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், ஊசிகளைத் துளைக்க முடியாத வெண்ணிறப் பெட்டியில் இடவும், பணியாளர்க்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடவும் ஆணையிடுகின்றன.

ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்குதலும் வாயில் வைத்தலும் தவறு. ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்தைக் கடத்தலாகாது. அம்மருந்தை 28 நாள் உட்கொள்ளவேண்டும்.

இன்சுலின் ஊசி பயன்படும் வீடுகளும் பெங்களூருவில் பல உள்ளன. அங்கிருந்து வரும் ஊசி, காலையில் குப்பை பெற வரும் பணியாளரின் கையில் குத்தும். வீட்டு ஊசியும் தீங்கான கழிவே என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குறிப்பிட்டன. அதனைத் திருகுமூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, வெளியே 'ஊசி' என்று கன்னடத்திலும் எழுதி, தனியே கொடுக்கவேண்டும். மெல்லிய தண்ணீர்ப் புட்டி இதற்குப் போதாது. ஊசி அதைத் துளைத்துவிடும்.