கதவு திறந்திருந்தும் தங்கியவர்கள்

ஒன்பதாம் வகுப்பில் இடைக்கால ஐரோப்பாவை நடத்தும்போது, மக்கள் திருச்சபைக்கு அஞ்சிக் கீழ்ப்படிந்தார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "விருப்பப்பட்டு யாருமே கட்டுப்படலையா டீச்சர்?" என்று கேட்டாள். விடை தேடியபோதுதான் பெகின்களைப் பற்றி அறிந்தேன்.

13ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் துணித் தொழிலால் நகரங்கள் வளர்ந்தன. அங்கே மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் கூடி வாழத் தொடங்கினர். அவர்களே பெகின்கள். மடத்தில் சேரும் துறவி, வாழ்நாள் முழுமைக்கும் உறுதிமொழி தர வேண்டும்; சொத்தையும் துறக்க வேண்டும். பெகின்களுக்கு இவ்விரண்டும் இல்லை. நூல் நூற்றும், நோயாளிகளைக் கவனித்தும், பிள்ளைகளுக்குக் கற்பித்தும் பிழைத்தனர். விரும்பினால் வெளியேறித் திருமணமும் செய்துகொள்ளலாம். ஆனால் அங்கே இருக்கும்வரை மணவாழ்வு கூடாது. தலைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். எளிய உடை உடுத்தி, வழிபாட்டில் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்.

துறவியரும் அல்லாத, இல்லறத்தாரும் அல்லாத இவர்களைத் திருச்சபைத் தலைவர்கள் பலர் ஐயத்தோடு பார்த்தனர். பெகின் என்று அழைக்கப்பட்ட மார்கரித் பொரேத், தாம் எழுதிய நூலைக் கைவிட மறுத்ததால் 1310இல் பாரிசில் எரித்துக் கொல்லப்பட்டார். 1311–12இல் கூடிய வியன் பொதுச்சங்கம் பெகின்களின் வாழ்க்கை முறையையே கண்டித்தது. ஆயினும் பெல்ஜியப் பகுதியில் அவர்கள் நிலைத்தனர். 1245இல் நிறுவப்பட்ட புரூஜ் நகரக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. அப்பகுதியின் 13 குடியிருப்புகளை யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதை வகுப்பில் சொன்னபோது அதே மாணவி, "வெளியே போக வழி இருந்தும் ஏன் அங்கேயே இருந்தாங்க?" என்றாள். அந்த விதிகளைத் தங்களுடையவை என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்றேன். சொல்லி முடிக்கும்போது என் பார்வை சுவரில் ஒட்டியிருந்த வகுப்பு விதிகள் மேல் விழுந்தது. பத்தும் நான் எழுதியவை.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துவிட்டு, மாணவர்களையே எழுதச் சொன்னேன். ஐந்து விதிகள் வந்தன. "ஒருவர் தப்பாப் படிச்சா யாரும் சிரிக்கக் கூடாது" என்பது முதல் விதி. என் பத்தில் அது இல்லை. மாதம் ஒருமுறை கூடிப் பேசி அவற்றைத் திருத்திக்கொள்கிறோம்.

பெகின்களைப்போல வெளியேறும் உரிமை நம் மாணவர்களுக்கு இல்லை. விதியைச் சேர்ந்து எழுதவும் மாற்றவும் உள்ள உரிமையையாவது நாம் தரலாமே!