குளிர் அறையின் மாதிரியும் அளவு விகிதமும்

பெரிய பொருளைச் சிறிய அளவில் வரைவதும், அதன் மாதிரியைச் செய்வதும் பள்ளிகளில் வழக்கமான பயிற்சிகளே. எனினும் நீளம், பரப்பு, கன அளவு ஆகிய மூன்றும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதை மாணவர் பலர் ஏட்டளவில் மட்டுமே அறிவர். இதனைக் கைத்தொழிலாகக் கற்பிப்பதற்குப் புது தில்லியில், புசா ரோட்டை அடுத்துள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அளித்த எளிய அமைப்பொன்று ஏற்றதாகும்.

இந்நிலையம் 1905-இல் பீகாரிலுள்ள புசா என்னும் ஊரில் தோன்றியது. 1934-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தால் கட்டடம் சேதமுற்றதையடுத்து, 1936-இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊரின் பெயரும் உடன் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் இங்கு, காய்கறிகளையும் பழங்களையும் மின்சாரமின்றிப் பாதுகாக்கும் குளிர் அறை உருவாக்கப்பட்டது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடைவெளியில் ஆற்றுமணலை நிரப்பி, அதனை நீரால் நனைத்து வைப்பர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்வதால் உட்புறம் குளிர்கிறது.

இதன் தளம் 165 சென்டிமீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. சுவரின் உயரம் 67.5 சென்டிமீட்டர், மணல் நிரப்பும் இடைவெளி 7.5 சென்டிமீட்டர்.

முதலில் 1:10 என்னும் விகிதத்தில் படம் வரைக. தளம் 16.5 × 11.5 சென்டிமீட்டராகவும், உயரம் 6.75 சென்டிமீட்டராகவும், இடைவெளி 7.5 மில்லிமீட்டராகவும் அமையும். அடுத்து, 1:5 விகிதத்தில் களிமண்ணால் மாதிரி செய்க. அதன் தளம் 33 × 23 சென்டிமீட்டர், உயரம் 13.5 சென்டிமீட்டர், இடைவெளி 1.5 சென்டிமீட்டர். சுவரின் கனத்தையும் ஐந்தில் ஒன்றாகக் குறைத்தல் வேண்டும். படத்தின் ஒவ்வொரு நீளமும் மாதிரியில் இரு மடங்காவதை மாணவர் அளந்து காண்பர்.

இனிப் பரப்பை நோக்குவோம். மாதிரியின் நான்கு வெளிச்சுவர்களின் மொத்தப் பரப்பு 1,512 சதுர சென்டிமீட்டர். உண்மை அறையில் அது 37,800 சதுர சென்டிமீட்டர். அதாவது 25 மடங்கு. கன அளவோ 5 × 5 × 5, அதாவது 125 மடங்காகும்.

இவ்வேறுபாடு வெறும் கணக்கன்று. மாதிரியின் இடைவெளியை நிரப்ப 3 கிலோ மணல் செலவாயிற்று எனக் கொள்வோம். அதனை ஐந்தால் பெருக்கி 15 கிலோ மணல் தருவித்தால், கட்டட வேலை தொடங்கிய சிறிது நேரத்திலேயே நின்றுவிடும். உண்மையில் தேவைப்படுவது 375 கிலோ.

மாதிரியைக் கொண்டு அறையின் குளிர்ச்சியை மதிப்பிடலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மணலில் தங்கும் நீர் 125-இல் ஒரு பங்காகக் குறைய, அது ஆவியாகும் பரப்போ 25-இல் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. ஆகவே, ஒரே வெயிலில் மாதிரி ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவில் உலர்ந்துவிடும். நாள் முழுதும் குளிர்ந்திருக்கக்கூடிய அறையை, ஒரு பிற்பகலில் உலர்ந்த மாதிரியைக் கண்டு பயனற்றதெனக் கிராமத்தார் ஒதுக்கிவிடக்கூடும்.

எனவே, வடிவத்தையும் கட்டும் முறையையும் விளக்க மாதிரியைக் காட்டுக. பொருள்களின் அளவை உரிய மடங்கால் கணக்கிடுக. குளிர்ச்சியை மட்டும் முழு அளவிலான அறையிலேயே வெப்பமானி கொண்டு அளந்தறிக.